டெட்டில் எதற்கு பி? ஒரு ஜாப் டைப்பிஸ்ட்டின் அனுபவம்

பாரிமுனையில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆங்கில ஸ்பெல்லிங்தான் சோறு போடுகிறது. ஹைகோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று எதற்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷினோடு எங்களில் யாராவது உட்கார்ந்திருப்போம். வக்காலத்து, அஃபிடவிட், செக் பவுன்ஸ் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், எல்லாம் அவசரம், எல்லாம் இன்றைக்கே. நான் தமிழ் மீடியத்தில் படித்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு இங்கே வந்தவள். கையில் வேகம் இருந்தது. சொற்கள்தான் புதுசு, அதுவும் கோர்ட் ஆங்கிலம் என்றால் பாதி லத்தீன். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். பிறகுதான் இந்த விசித்திர ஸ்பெல்லிங்குகளில் பலவற்றுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும் என்று புரிந்தது. டைப்பிங் படிக்கிறவர்களுக்கும் புதிதாக வரும் ஜூனியர் வக்கீல்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டு பி-யும் ஒரே மாதிரி ஆகிவிடும், இரண்டு டி-யும் அப்படித்தான். போனில் பெயரைச் சரிபார்க்கும்போது கடையில் எப்படிச் சொல்வோமோ அப்படியே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: பாம்பே பி, பாரிஸ் பி, டெல்லி டி, டைகர் டி. பாரிஸ் என்றால் பிரான்ஸ் வரைக்கும் போகவேண்டாம், எங்கள் பாரிஸ் கார்னரே போதும்.

நாங்கள் தினமும் அதிகம் அடிக்கிற விசித்திரம், நம்பருக்குப் போடும் சுருக்கம். என், ஓ, ஒரு புள்ளி. வழக்கு நம்பர், செக் நம்பர், கதவு நம்பர், எல்லாவற்றுக்கும் அதேதான். நம்பர் என்ற சொல்லில் ஓ கிடையாதே, சுருக்கத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது? பழைய நம்பர், புது நம்பர் என்று வீட்டுக்கு இரண்டு கதவு எண் வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட இரண்டு மடங்கு இந்த ஓ-வை எழுதியிருப்பார்கள், ஆனால் யாரும் கேட்பதில்லை. இது நம்பரைச் சுருக்கியதே இல்லை, நூமெரோ என்ற லத்தீன் சொல்லைச் சுருக்கியது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் மிச்சம். பவுண்டு எடைக்கு எல்லும் பாம்பே பி-யும் போடுவதும் இப்படித்தான், லிப்ரா என்ற லத்தீன் எடையிலிருந்து வந்தது.

மனுக்களில் ‘அதாவது’ என்று வரவேண்டிய இடத்தில் வக்கீல்கள் வி, ஐ, இசட் என்று போடும் ‘விஸ்’ இன்னும் வேடிக்கையானது. அதன் மூலம் விதேலிகெட் என்ற லத்தீன் சொல். அதில் இசட் எங்குமே கிடையாது. கையால் பிரதி எடுத்த காலத்து எழுத்தர்கள் சொல்லின் வாலை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 3 மாதிரி வளைந்த ஒரு குறியைப் போட்டார்கள். பிற்காலத்தில் அது இசட்டாகவே நின்றுவிட்டது. இதைப் படிக்கும்போது ‘நேம்லி’ என்று படிப்பதுதான் வழக்கம். டிக்டேஷன் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சீனியர் நேம்லி என்று சொல்லும்போது முழுச்சொல்லை அடிப்பதா, சுருக்கத்தை அடிப்பதா என்று முதல் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டால் பிறகு பத்துப் பக்கம் திருத்த வேண்டியிருக்காது.

இனி கடனைக் குறிக்கும் டெட்டுக்கு வருகிறேன். நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம், 1881, பிரிவு 138. செக் பவுன்ஸ் வழக்கு என்றால் இதுதான். சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் இருந்தது என்று அதில் சொல்லியாக வேண்டும், அதனால் டெட் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒரு கட்சிக்காரர் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நோட்டீஸைத் தானே போனில் பேசி டைப் செய்து, பிரிண்ட் மட்டும் போட என்னிடம் கொண்டுவந்தார். போன் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, கடன் டெட்டுக்குப் பதிலாகச் செத்துப்போன டெட்டைப் போட்டிருந்தது. சட்டப்படி வசூலிக்கக்கூடிய பிணம்! ஸ்பெல் செக் ஒரு சிவப்புக் கோடு போடவில்லை, போடவும் போடாது, இரண்டுமே சரியான சொல்தானே. அப்போது கடையில் இருந்த ஒரு வயதான குமாஸ்தா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்துப் பார்த்து, “இதை அனுப்பினா எதிர்ப்பார்ட்டி மாலையோட வந்துடுவான் சார்” என்றார். கட்சிக்காரரும் சிரித்துவிட்டு, “சொல்றப்ப வராத பி-யை எதுக்கும்மா எழுதுறாங்க?” என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள், அவர்களோடு பிரெஞ்சும் போனது. கடனைக் குறிக்க அவர்கள் சொன்ன சொல்லில் பி கிடையாது. ஆங்கிலேயர்களும் அதைக் காதில் விழுந்தபடியே பி இல்லாமல் சில நூற்றாண்டுகள் எழுதினார்கள், யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் படிப்புக்கு மவுசு கூடியது. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரரான காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476-இல், அதற்குப் பிறகு எழுதுவது ஒவ்வொன்றும் அச்சில் நிலைத்துப்போகும் காலம் வந்தது. படித்தவர்கள் பார்த்தார்கள், இந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீனில் தெபிதும் அல்லவா, அதில் பாம்பே பி இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து உள்ளே செருகினார்கள். எழுத்தில் ஏறியது, வாயில் ஏறவில்லை. டவுட்டில் உள்ள பி-யும் இதே மாதிரி துபிதாரே என்ற லத்தீன் சொல்லிலிருந்து செருகியதுதான். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஒரு வாத்தியார், இந்த இரண்டு சொல்லிலும் பி-யை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்களே என்று பொரிந்து தள்ளுவார். அவரைக் கிண்டல் செய்யத்தான் அந்தக் காட்சி. பிரெஞ்சுக்காரர்கள்கூட நடுவில் கொஞ்ச காலம் கடனுக்கு ஒரு பி போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆங்கிலக்காரர்கள் எடுக்கவில்லை, நாம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

வரலாறு எதற்கு, வேலைக்கு ஆவதைச் சொல் என்பீர்கள். வேலைக்கு ஆவது இதுதான்: உங்கள் அக்கவுன்ட்டிலிருந்து பணம் போனவுடன் பேங்க் எஸ்எம்எஸ் அனுப்புகிறதே, அதில் வரும் டெபிட்டும் அதே தெபிதும்தான். அங்கே பி நன்றாகக் காதில் கேட்கும். ஒரு சொல்லில் பேசாத எழுத்து இருந்தால், அதே எழுத்து வாய்விட்டுப் பேசும் சொந்தக்காரச் சொல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். லத்தீனிலிருந்து வந்த சொற்களில் பெரும்பாலும் ஒருவர் கிடைப்பார். நான் மனப்பாடத்தை விட்டது இந்த வழியில்தான்.

ரிசீட்டில் உள்ள பாரிஸ் பி-க்கு ரிசப்ஷன். கல்யாண மண்டபத்து வாசலில் எழுதியிருப்பதை நினைத்துக்கொண்டால் போதும். மூலம் ரெகெப்தா, ‘பெற்றுக்கொண்டது’. இதில் ஒரு அநியாயம், ஏமாற்றைக் குறிக்கும் டிசீட்டும் அதே குடும்பம், டிசப்ஷனில் பி தெளிவாகக் கேட்கிறது, ஆனால் டிசீட்டில் பி நிற்கவில்லை. ரிசீட்டுக்கு மட்டும் நிலைத்தது. செருகியவர்கள் ஒழுங்காக ஒரு பட்டியல் போட்டுச் செருகியிருந்தால் நமக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. நம் ரசீது ரிசீட்டிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது பாரசீகத்திலிருந்து வந்தது, சம்பந்தமே கிடையாது.

குற்றஞ்சாட்டுவதைக் குறிக்கும் இன்டைட்டைப் பல ஜூனியர்கள் எழுத்தைப் பார்த்து இன்டிக்ட் என்கிறார்கள். அந்த சி-யும் பிற்பாடு லத்தீனைப் பார்த்து வைத்தது, சொல்லும்போது வராது. டிக்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள், ‘சொல்’ என்ற அதே வேர்தான். தீர்ப்பைக் குறிக்கும் வெர்டிக்ட்டும் முன்பு சி இல்லாமல் இருந்ததுதான், அதற்கும் சி வைத்தார்கள், ஆனால் அங்கே ஜனங்கள் சி-யைச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே வேர், ஒரே மாதிரி ரிப்பேர், ஒன்று வாயில் ஏறியது, இன்னொன்று ஏறவில்லை. ஏன் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மார்ட்கேஜ். ஆங்கிலத்தில் மார்கேஜ் என்றுதான் சொல்ல வேண்டும், டைகர் டி ஊமை. ஒரு ஜூனியர் தம்பி அடமான வழக்கின் பிளெய்ன்ட் (வழக்கு மனு) முழுவதையும் டி இல்லாமலே கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். “அக்கா, சொல்றபடிதான் எழுதியிருக்கேன்” என்றார், முகம் தொங்கிவிட்டது. “ஜிஹெச்ல மார்ச்சுவரி இருக்கே தம்பி, அதுல டி உண்டா இல்லையா?” என்று கேட்டேன். அதே மோர்ட் தான், ‘செத்த’ என்று பொருள். பழைய பிரெஞ்சில் மார்ட்கேஜ் என்றால் செத்த ஈடு. கடனைக் கட்டிவிட்டால் கடன் கொடுத்தவனுக்கு ஈடு செத்தது, கட்டாவிட்டால் வாங்கியவனுக்கு நிலம் செத்தது என்று பழைய ஆங்கிலேயச் சட்ட அறிஞர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. அந்தத் தம்பி அதற்குப் பிறகு டி-யை விட்டதே இல்லை.

இன்னும் சில, வேகமாக. கட்டடத் தூணைக் குறிக்கும் காலம், பத்திரிகைப் பத்தியைக் குறிக்கும் காலம், இரண்டுக்கும் கடைசியில் ஒரு என் உண்டு, காலம்னிஸ்ட்டில் கேட்கும். பழைய வண்டியை ‘கண்டம் பண்ணிவிட்டார்கள்’ என்கிறோமே, அந்தக் கண்டெமிலும் கடைசியில் என், அதைக் கண்டெம்னேஷனில் கேட்கலாம். சைனில் ஜி இருப்பது சிக்னேச்சரில் தெரியும், ரிசைனில் இருப்பது ரெசிக்னேஷனில். அசல் தொகையை எழுதும்போது பிரின்சிபலா, கொள்கையைக் குறிக்கும் பிரின்சிபிளா என்று குழம்புகிறவர்கள் கேப்பிடலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பிரின்சிபலையும் கேப்பிடலையும் ‘முதல்’ என்கிறோம், ஆங்கிலத்தில் இரண்டும் ஏ எல் என்று முடியும். இந்தத் தப்பையும் ஸ்பெல் செக் காட்டாது. சட்டத்தைக் குறிக்கும் ஸ்டாட்யூட்டில் ஒரு டி விட்டுப்போய் மெரினாவில் நிற்கும் ஸ்டாச்யூ ஆகிவிட்டாலும் காட்டாது.

இதற்கு அடுத்தபடியாக ஆளைக் கொல்வது இரட்டை எழுத்து. அஃபிடவிட்டில் எத்தனை எஃப், அனெக்ஷரில் எத்தனை என், அக்காமடேட்டில் எத்தனை சி எத்தனை எம். இதை மட்டும் தமிழ் படித்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடலாம், ஏனென்றால் இது வெறும் புணர்ச்சி. பொன்னும் தாமரையும் சேர்ந்தால் பொன்தாமரை என்றா எழுதுகிறோம்? பொற்றாமரை. முன்சொல்லின் கடைசி மெய் அடுத்த எழுத்தைப் பார்த்து மாறிவிடுகிறது, அதனால் இரட்டிக்கிறது. லத்தீனிலும் அதே வேலைதான் நடக்கிறது. ‘அத்’ என்று ஒரு முன்னொட்டு உண்டு, ‘நோக்கி’ என்பது மாதிரிப் பொருள், கடைசி எழுத்து டெல்லி டி. அது எஃப்-இல் தொடங்கும் சொல்லோடு சேர்ந்தால் டி-யும் எஃப் ஆகிவிடும், அதனால் அஃபிடவிட்டில் இரண்டு எஃப். சி-யோடு சேர்ந்தால் அக்யூஸ்டில் இரண்டு சி. என்-னோடு அனெக்ஷர், பாரிஸ் பி-யோடு அப்பீல், டைகர் டி-யோடு அட்டெஸ்ட், ஆரோடு சேர்ந்தால் வாடகை பாக்கிக்கு வரும் அரியர்ஸ். ஒரு வாடகை வழக்கின் கட்டை எடுத்துப் பார்த்தால் அக்யூஸ்ட் தவிர மற்ற ஐந்தும் அதிலேயே கிடைக்கும்.

மறுப்புக்கு வரும் ‘இன்’னும் அப்படியே. மூவபிள் சொத்துக்கு முன்னால் அது வந்தால் என் எம்மாகி இம்மூவபிளில் இரண்டு எம். பத்திரம் அடிக்கிறவர்கள் ஒரு எம்மை விழுங்குவது இங்கேதான். ரத்து செய்யக்கூடியது என்ற ரிவோக்கபிளுக்கு முன்னால் வந்தால் இரண்டு ஆர், லீகலுக்கு முன்னால் வந்தால் இரண்டு எல். அக்காமடேட்டில் ‘அத்’தும் ‘காம்’மும் இரண்டுமே இருக்கின்றன, அத் சேர்ந்து இரண்டு சி, காம் வந்து மோதுஸ் என்ற சொல்லோடு சேர்ந்து இரண்டு எம். அப்படியானால் ரெக்கமெண்டில் ஏன் ஒரே சி? ‘ரெ’ உயிரெழுத்தில் முடிகிறது, மாறுவதற்கு அங்கே மெய்யே இல்லை. எம் மட்டும் இரட்டிக்கும். இலக்கணப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே படித்த புணர்ச்சி விதி பாரிமுனையில் ஆங்கிலம் அடிக்க உதவும் என்று எங்கள் தமிழ் டீச்சரே நினைத்திருக்க மாட்டார்.

பழைய ஆணையை நீக்கிப் புதிய ஆணை வருவதைச் சொல்லும் சூப்பர்சீடில் அநேகமாக எல்லோரும் சி போடுகிறார்கள். அரசாங்க உத்தரவுகளிலேயே பார்த்திருக்கிறேன். அங்கே எஸ்தான் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘மேலே உட்கார்வது’. லத்தீனில் உட்கார்வது செதேரே, செஷன்ஸ் கோர்ட்டில் உள்ள செஷனும் அந்த உட்கார்தல்தான். ஆனால் முன்தீர்ப்பைக் குறிக்கும் பிரசிடென்ட் ‘போவது’ என்ற பொருளுள்ள கேதேரேயிலிருந்து வந்தது, அதனால் சி. இரண்டையும் ஒரே பாராவில் அடிக்கும்போது உட்கார்கிறதா போகிறதா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

ஆனால் இந்தச் சொந்தக்கார வழியில் போலிகளும் உண்டு. நீ என்ற முழங்காலில் உள்ள கே, நைட்டில் உள்ள ஜி ஹெச் இவற்றுக்கெல்லாம் லத்தீனில் தேடாதீர்கள். அவை பழைய ஆங்கிலத்தில் உண்மையாகவே சொல்லப்பட்ட ஒலிகள், சொல்வது நின்றுவிட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. சைக்காலஜியின் பி கிரேக்கம். குட்டில் உள்ள எல், பக்கத்தில் இருக்கும் வுட், ஷுட் இவற்றைப் பார்த்துக் காப்பியடித்தது, மூலத்தில் கிடையவே கிடையாது. ஐலண்டில் உள்ள எஸ்தான் பெரிய ஏமாற்று. பெனின்சுலாவில் எஸ் கேட்கிறதே, இன்சுலா என்ற லத்தீன்தானே என்று நினைப்போம். அன்றைய ஆங்கிலேயர்களும் அப்படித்தான் நினைத்துச் செருகினார்கள். ஐலண்ட் அசல் பழைய ஆங்கிலச் சொல், அதில் எஸ் இருந்ததே இல்லை. தப்பான சொந்தம்தான், ஆனால் ஸ்பெல்லிங்கை நினைவில் வைக்க அந்தப் பெனின்சுலாவே உதவுகிறது, அதனால் நான் விட்டுவிடவில்லை.

சாவரினில் உள்ள ஜி-யும் போலிதான். ஆட்சியைக் குறிக்கும் ரெய்னில் ஜி இருப்பதைப் பார்த்து, அரசன் சம்பந்தப்பட்ட சொல் என்று இதற்கும் வைத்துவிட்டார்கள். மூலமான சுபெரானுஸில் ஜி கிடையாது, ‘மேலானது’ என்று மட்டும் பொருள். தி.நகர் நகைக்கடைகளில் எட்டு கிராமுக்குச் சவரன் என்கிறோம் பாருங்கள், ஜி-யைத் தூக்கிப்போட்டுவிட்டுக் காதில் விழுந்ததை எழுதிக்கொண்ட நம் ஆட்கள் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் சொல்லின் பிறப்பைச் சொல்லும் ஒரு வரி இருக்கும், போனிலேயே பார்க்கலாம், பொருளைப் படித்துவிட்டு மூடாமல் அதையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

கடைசியாக ஏபிளா, இபிளா. இது தினசரி தலைவலி. லத்தீனில் வினைச்சொல்லின் வகையைப் பொறுத்து இரண்டு விகுதி இருந்தது, அதெல்லாம் நமக்கு வேண்டாம். சொந்தக்காரச் சொல் ‘ஏஷன்’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஏ வரும்: நெகோஷியேஷன், அதனால் நெகோஷியபிள்; ரிவோக்கேஷன், அதனால் இர்ரிவோக்கபிள்; அப்ளிகேஷன், அப்ளிகபிள். ‘மிஷன்’, ‘விஷன்’ என்று ஏ இல்லாமல் முடிந்தால் ஐ: அட்மிஷன், அட்மிசிபிள், டிவிஷன், டிவிசிபிள். பணம் கட்டுவதைச் சொல்லும் பேயபிள் மாதிரி முழு ஆங்கிலச் சொல்லின் மேல் ஒட்டவைத்ததாக இருந்தால் அநேகமாக ஏ. விலக்கும் உண்டு, பிரிடிக்ஷன் இருந்தும் பிரிடிக்டபிளுக்கு ஏதான் வரும். இந்த மாதிரி அடங்காத சொற்களை மட்டும் ஒரு ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அடித்து மானிட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். புதிதாக ஒன்று மாட்டினால் ஜூனியர்களே பேனாவை எடுத்து அதன் கீழே எழுதிவிட்டுப் போகிறார்கள், சில சமயம் அதிலும் ஸ்பெல்லிங் தப்பாக.